பனியில் கருகிய எலுமிச்சையும் கலப்பினம் ஆகாத விதைகளும்

குளிர்காலம் முடியும் ஆகஸ்ட் வந்துவிட்டால் லெனேசியா, லாடியம், பெனோனி என்று தென்னாப்பிரிக்க மேட்டுநிலமான ஹைவெல்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கருகிய எலுமிச்சைக் கன்றுகள் என்னிடம் வரத் தொடங்கும். "நானே மகரந்தம் சேர்த்து விதை எடுத்தேன், பனி தாங்கும் என்று நம்பினேன், ஒரே இரவில் போய்விட்டது" என்பதுதான் கொண்டுவரும் எல்லோர் பேச்சும். இலையைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலானவை கலப்பினமே இல்லை. தாய்மரத்தின் அச்சு அசல் நகல்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காத்தவரிடம் இதைச் சொல்ல மனம் வருவதில்லை. விதைத்த சில மாதங்களிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் கூடுதல் வருத்தம்.

முதலில், ஒட்டுக்கட்டுவதால் கலப்பினம் உண்டாகாது. பொன்சிரஸ் எனப்படும் மூவிலை ஆரஞ்சின்மேல் எலுமிச்சை மொட்டைக் கட்டினால், கட்டுக்கு மேலே இருப்பது எலுமிச்சைதான், கீழே இருப்பது மூவிலைதான். மூவிலை வேர், குளிர்காலத்தில் செடியை ஓய்வுக்குக் கொண்டுவர உதவும். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பனியில் மேல்பாகம் செத்து, கட்டுக்குக் கீழிருந்து முள்ளோடு மூன்று மூன்று இலையாகத் தளிர் கிளம்பினால், "எலுமிச்சை காட்டுச்செடியாக மாறிவிட்டது" என்கிறார்கள். எதுவும் மாறவில்லை, வேர்ச்செடி தலையெடுத்திருக்கிறது. இங்கே அது காரிசோ சிட்ரேஞ்சாகவோ (மூவிலையும் ஆரஞ்சும் கலந்தது) ஸ்விங்கிள் சிட்ருமெலோவாகவோ (மூவிலையும் கிரேப்ஃப்ரூட்டும் கலந்தது) இருக்கக்கூடும். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது விதைக்கு வருவோம். எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கும் இடம் இதுதான். ஆரஞ்சு, சட்சுமா என்ற மாண்டரின் வகை, ரஃப் லெமன் என்ற கரடுத்தோல் எலுமிச்சை போன்றவற்றில் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் அதிகபட்சம் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து உண்டானது. மற்றவை சூலுக்குள் இருக்கும் தாய்த்திசுவிலிருந்தே நேரடியாகக் கிளம்பியவை. அவற்றில் தகப்பன் மரத்தின் பங்கு துளியும் கிடையாது. இந்த நகல் கருக்கள் கொழுத்து வளர்ந்து, கலப்புக் கருவை விதைக்குள்ளேயே நெருக்கிக் கொன்றுவிடுவதும் உண்டு. எலுமிச்சையில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. ஆரஞ்சிலும் ரஃப் லெமனிலும் வரும் கன்றுகள் அநேகமாக எல்லாமே நகல். ஆகவே நீங்கள் எவ்வளவு பொறுப்பாக மகரந்தம் தடவியிருந்தாலும், தாய்மரம் தவறானதாக இருந்தால் உழைப்பு வீண். ஒரே விதையில் மூன்று முளை வந்ததைப் பார்த்து "நல்ல வீரியம்" என்று மகிழ்கிறார்கள். பல கரு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு கொழுத்த முளையை வைத்துக்கொண்டு நோஞ்சானைப் பிடுங்கிப் போடுகிறார்கள். பல சமயம் அந்த நோஞ்சான்தான் நீங்கள் தேடிய கலப்பினம்!

ஆகவே ஒற்றைக் கரு உள்ள மரத்தையே தாயாக எடுங்கள். நார்ச்சி எனப்படும் மாண்டரின் வகைகளில் கிளெமென்டைன் அப்படிப்பட்டது, பம்பளிமாசும் அப்படியே. இரண்டுமே தன் மகரந்தத்தால் சூல் பிடிக்காதவை என்பது கூடுதல் வசதி. சட்சுமா வேண்டவே வேண்டாம். பனி தாங்குவதில் கெட்டிக்காரன்தான், ஆனால் கிடைக்கும் கொஞ்ச விதையும் பல கரு விதை, மகரந்தமும் உருப்படியாக இருக்காது.

தகப்பனாக மூவிலை. நன்றாகக் குளிருக்குப் பழகிய மூவிலை, மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். அதைவிட நமக்கு உதவுவது அதன் இலை. மூன்றாகப் பிரிந்த இலை ஓங்கு பண்பு, அதனால் உண்மையான கலப்புக் கன்றில் அது வெளிப்பட்டே தீரும். ஃபுளோரிடாவில் 1894–95 குளிர்காலத்து உறைபனி தோட்டங்களை அழித்த பிறகு, வால்டர் ஸ்விங்கிளும் ஹெர்பர்ட் வெபரும் பனி தாங்கும் ஆரஞ்சு வேண்டி மூவிலையோடு கலந்தார்கள். அந்த வழியில் வந்தவைதான் சிட்ரேஞ்சுகள். 1907-இல் உண்டான சிட்ருமெலோ ஸ்விங்கிள் பெயரிலேயே இன்றும் வேர்ச்செடியாக நிற்கிறது.

மூவிலை பெரும்பாலும் நார்ச்சிக்கு முன்பே, இலை வருவதற்கும் முன்பே பூத்து முடிந்துவிடும். எனவே மகரந்தத்தைச் சேமிக்க வேண்டும். விரியப்போகும் பூக்களிலிருந்து மகரந்தப்பைகளைக் கிள்ளி, காகிதத்தில் பரப்பி, ஒருநாள் நிழலில் வெடிக்க விடுங்கள். சிறு புட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். ஈரம் பட்டால் தொலைந்தது.

கிளெமென்டைன் மொட்டு வெள்ளையாக உப்பி, இதழ் நுனி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலைதான் சரியான பருவம். இதழ்களை மெல்லப் பிரித்தால் நடுவே பச்சைத் தண்டின்மேல் உருண்டையான சூல்முடி, சுற்றிலும் இன்னும் வெடிக்காத மகரந்தப்பைகள். அவற்றைச் சாமணத்தால் ஒன்று விடாமல் எடுங்கள். ஏற்கெனவே மஞ்சள் தூள் சிந்தியிருந்தால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள். சூல்முடி பிசுபிசுவென்று மின்னும்போது சிறு தூரிகையால் மகரந்தத்தை ஒற்றி, காகித உறை கட்டி, தேதியும் தகப்பன் பெயரும் எழுதிய சீட்டைத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, உள்ளே வெந்துவிடும். இரண்டு வாரத்தில் உறையை எடுத்துவிடலாம். பூக்களில் பாதிக்கு மேல் உதிரும், அது இயல்பு, அதனால் நிறையப் பூக்களில் செய்யுங்கள்.

பழம் பழுத்ததும் விதையைக் காயவிடாமல் கழுவி, 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்து (வேரழுகல் பூஞ்சைக்காக), மேல்தோலை உரித்து உடனே விதையுங்கள். முதல் ஓரிரு இலையைப் பார்த்து முடிவு கட்டவேண்டாம். ஐந்தாறு இலை வந்தபின் ஒற்றை இலை மட்டுமே உள்ள கன்றுகளை இரக்கமில்லாமல் கழித்துவிடுங்கள்.

முதல் தலைமுறைப் பழம் கசக்கும், பிசின் வாடை அடிக்கும். ஊறுகாய்க்குக்கூட ஆகாது என்று திட்டாதீர்கள், எல்லாருக்கும் அப்படித்தான். அதன் மகரந்தத்தை மீண்டும் கிளெமென்டைன்மேல் போட வேண்டும். சிட்ரேஞ்சைத் தாயாக்கினால் மறுபடி நகல்தான் கிடைக்கும், ஏனெனில் பெரும்பாலான சிட்ரேஞ்சு பல கரு வகை. கருகிய செடியின் அடியில் தலையெடுத்த காரிசோவுக்கு இங்கேதான் வேலை. அது பூத்தால் முதல் தலைமுறைக்கான காத்திருப்பு அப்படியே மிச்சம். விதைக்கன்று பூக்க ஐந்திலிருந்து பத்து ஆண்டுகூட ஆகலாம். நடுவில் நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

"சின்ன வயதிலேயே பனியில் விட்டால் பழகிவிடும்" என்று கன்றை முற்றத்தில் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முதல் இரண்டு குளிர்காலமும் பனி படாமல் மூடும் துணி கட்டாயம். பிப்ரவரிக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள், இளந்தளிர்தான் முதலில் கருகும். ஹைவெல்டின் சிக்கலே பகல் வெயில்தான். இரவில் உறைபனி, மதியம் 18 டிகிரி. அந்தச் சூட்டில் மூவிலைக் கலப்பினங்கள் ஓய்வு கலைந்து, ஆகஸ்டிலேயே துளிர்த்து, கடைசிப் பனியில் மாட்டிக்கொள்கின்றன. பிந்தித் துளிர்க்கும் கன்றையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். மொரீஷியஸ், ரீயூனியன், இந்தியா போய்வருபவர்கள் எலுமிச்சைக் குச்சியையும் கறிவேப்பிலைக் கன்றையும் பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவருகிறீர்கள். அந்த மூன்று இடங்களிலும் எலுமிச்சை இனத்தைத் தாக்கும் கிரீனிங் என்ற பாக்டீரியா நோயின் ஆசிய வகையும், அதைப் பரப்பும் சில்லிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியும் உண்டு. கறிவேப்பிலை அந்தப் பூச்சிக்கு மிகப் பிடித்த செடி, தளிர் இடுக்கில் இருக்கும் முட்டை கண்ணுக்கே தெரியாது. நோய்பட்ட மரத்துக்கு மருந்து கிடையாது. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஆப்பிரிக்க வகை வெப்பம் தாங்காதது, ஆசிய வகையோ வெப்பத்திலும் பரவும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் செடி, குச்சி, விதை எதுவும் கொண்டுவரக் கூடாது. மாகாணம் விட்டு மாகாணம் எலுமிச்சைச் செடி கொண்டுபோகவும் கட்டுப்பாடு உண்டு. மொட்டுக்குச்சி வேண்டுமானால், கரீகாவுக்கு (முன்பு யூட்டன்ஹேக்) அருகிலுள்ள சிட்ரஸ் ஃபவுண்டேஷன் பிளாக்கின் நோயற்ற குச்சியைப் பயன்படுத்தும் நாற்றங்காலில் கேளுங்கள். ஏற்கெனவே கொண்டுவந்து நட்டிருந்தால் அதிலிருந்து யாருக்கும் குச்சி கொடுக்காதீர்கள், வேளாண் துறைக்குச் சொல்லிப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.