பங்கு குறைவதால் மட்டும் பகை வருவதில்லை

ஊதியத் தகராறுகளிலும் கூட்டுத்தொழில் பிரிவினைகளிலும் சமரசம் செய்துவைக்கும் பணியில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, பேச்சு தொகையில் தொடங்கினாலும், உறுத்தல் பெரும்பாலும் அந்தத் தொகையை முடிவுசெய்தவரின் உள்நோக்கம் குறித்ததாகவே இருக்கிறது என்பதுதான்.

பொருளியல் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 1982-இல் ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனையில், ஒருவர் ஒரு தொகையைப் பிரித்து முன்மொழிவார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பங்கு உண்டு, மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தன்னலம் மட்டுமே கணக்கென்றால் எவ்வளவு சிறிய பங்கையும் ஏற்பதே லாபம். ஆனால், பின்னர் பல நாடுகளில் நடந்த இத்தகைய சோதனைகளில், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையைப் பலர் மறுத்துவிட்டார்கள்.

இதை வைத்து, மனிதர்கள் சமப்பங்கைத்தான் விரும்புகிறார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். 2003-இல் ஃபால்க், ஃபேர், ஃபிஷ்பாகர் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் இதே வகைச் சோதனையை வைத்து வெளியிட்ட ஆய்வில், பத்தில் எட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டைக் கொடுத்தவருக்குச் சரிபாதியாகப் பிரிக்கும் வழியும் இருந்தபோது, 44 விழுக்காட்டினர் அந்த இரண்டை மறுத்தார்கள். பத்தையும் தானே எடுத்துக்கொள்வதுதான் அவருக்கிருந்த ஒரே மாற்றுவழி என்றபோது, மறுத்தவர்கள் 9 விழுக்காட்டினரே. இரு நிலையிலும் கைக்கு வரவிருந்தது அதே இரண்டுதான்.

நடைமுறையில் மாற்றுவழிகள் என்னவென்று யாரும் சொல்வதில்லை. 'இவ்வளவுதான் முடியும்' என்று நிறுத்திவிடுகிறார்கள். சொல்லப்படாத இடத்தைக் கேட்பவரின் சந்தேகம் நிரப்பிவிடுகிறது. எனவே முடிவெடுப்பவர்கள், தொகையை அறிவிக்கும் முன்பே, எந்தெந்த வழிகளைப் பரிசீலித்தோம், எவற்றை ஏன் கைவிட்டோம் என்பதைக் கணக்கோடு முன்வைக்க வேண்டும், பெறுபவரும் மறுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வழி இருந்தும் இல்லை என்று சொல்லி, பிறகு கணக்கு வெளிப்பட்டால், அடுத்த பேச்சில் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.

விளக்கத்துக்கும் எல்லை உண்டு. அதே ஆய்வில், பிரிப்பவருக்கு வேறு வழியே இல்லாதபோதும் 18 விழுக்காட்டினர் அந்த இரண்டை ஏற்கவில்லை. அங்கே பழிக்க உள்நோக்கம் ஏதுமில்லை. ஏற்றத்தாழ்வே அவர்களுக்கு ஒப்பவில்லை. அப்படிப்பட்டவரிடம் காரணங்களை அடுக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பங்கைத்தான் மாற்றியாக வேண்டும்.