ஸ்க்ராம்ப்ளர்: தொற்றி ஏறும் வண்டிக்குத் தமிழில் ஒரு பெயர்

இலங்கை மலையகத்து ஹட்டனில் பைக் விற்கும் இடங்களில் நின்றால் இப்போது ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: ஸ்க்ராம்ப்ளர். வட்ட ஹெட்லைட், நீளமான தட்டை சீட், மேலே தூக்கிக் கட்டிய சைலன்சர், ஆழமாக வெட்டிய டயர். இவ்வளவும் இருந்தால் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். அர்த்தம் கேட்டால், "பழைய மாடல் மாதிரி இருக்கும், தோட்டத்து ரோட்டிலும் ஓடும்" என்கிறார்கள். முதல் பாதிக்கும் சொல்லின் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாம் பாதியில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது.

ஸ்க்ராம்பிள் என்ற ஆங்கில வினை 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ளது. கையையும் காலையும் ஊன்றி, அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவது அதன் அடிப்படைப் பொருள். முண்டியடித்து ஓடுவது, தாறுமாறாகக் கலப்பது எல்லாம் அதிலிருந்து பிரிந்த கிளைகள். ஹோட்டலில் முட்டைக்கு முன்னால் வருவதும் இதே சொல்தான்.

இந்தப் பொருளை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. மழை விட்ட மறுநாள் காலையில் செங்குத்தான மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பாருங்கள். முதுகில் கூடை தொங்கும். ஒரு கையால் தேயிலைத் தூரைப் பிடித்து, கால் பெருவிரலை ஈர மண்ணில் குத்தி, உடம்பை முன்னால் சாய்த்து மேல் நிரைக்கு ஏறுவார்கள். தோட்டத்தில் இதைத் தொத்தி ஏறுறது என்போம். எழுத்தில் தொற்றி ஏறுதல். தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். நோய் தொற்றுவதும் இதே வினைதான். ஸ்க்ராம்பிளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் வினை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வினை மோட்டார் சைக்கிளிடம் வந்தது 1924இல். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ஸ்கொட் ட்ரையல் என்று ஒரு போட்டி நடந்துவந்தது. வேகத்தோடு, கரடான இடங்களில் கால் ஊன்றாமல் ஓட்டும் திறமையையும் அதில் பார்ப்பார்கள். தெற்கே கம்பர்லியில் அதே மாதிரி ஒன்றை நடத்த நினைத்தவர்கள் திறமைப் பகுதியை எடுத்துவிட்டு வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதை ட்ரையல் என்று சொல்ல முடியாதே. நடக்கப்போவது வெறும் ஸ்க்ராம்பிள்தான் என்று யாரோ சொல்ல, அதுவே பெயராக நிலைத்தது என்பது வழிவழியாக வரும் கதை. போட்டி நடந்த நாள் மார்ச் 29. பிற்காலத்தில் இந்த விளையாட்டை மோட்டோகிராஸ் என்றார்கள். நம் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத் தடத்தில் புழுதி கிளப்பும் பைக்குகள் அந்த வழியில் வந்தவை.

அன்றைக்கு இதற்கென்று தனி வண்டி கிடையாது. ரோட்டில் ஓடிய பைக்கைத்தான் மாற்றினார்கள். கல்லில் அடிபடாமலிருக்க சைலன்சரை மேலே தூக்கினார்கள், பாரம் குறைய மட்காட்டை வெட்டினார்கள், பிடி கிடைக்க ஹாண்டிலை அகலமாக்கினார்கள். இன்று நாம் அழகு என்று பார்க்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கல்லுக்காகவோ சேற்றுக்காகவோ வந்தது. எனக்கு இந்த வண்டிகள் மேல் இருக்கும் பிரியத்துக்கு அதுதான் காரணம்.

1962இல் ஹொண்டா, சிஎல் 72 என்ற 250 சிசி ஸ்க்ராம்ப்ளரைக் கொண்டுவந்தது. இரண்டு சைலன்சர் குழாய்களும் இடது பக்கத்தில் உயரமாக ஓடும். அதே ஆண்டு அமெரிக்கப் பந்தய வீரர் டேவ் எகின்ஸ் அந்த வண்டியில் மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாவை, டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, 40 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்தார். பாதி வழிக்கு மேல் ரோட் என்று சொல்ல ஒன்றுமில்லாத நிலம் அது. இங்கே இரட்டை ஹெட்லைட் ஹொண்டாவைப் பாஜா என்கிறோமே, அது அந்த நிலத்தின் பெயர்தான். ஸ்பானிய மொழியில் பாஹா என்றால் கீழ். டுக்காட்டியும் அதே 1962இல் அமெரிக்கச் சந்தைக்காக ஒரு ஸ்க்ராம்ப்ளரைச் செய்தது. பிறகு கரடான பாதைக்கென்றே செய்த, பாரம் குறைந்த ட்ரைல் பைக்குகள் வந்ததும் இந்த இனம் ஒதுங்கிப்போனது. 2006இல் ட்ரையம்ஃப், 2014இல் டுக்காட்டி என்று அதே பெயரோடு திரும்பி வந்தபோது கூடவே இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டது: ரெட்ரோ.

ரெட்ரோ என்பது லத்தீனில் பின்னோக்கி. பிரெஞ்சு வழியாக 1970களில் ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் பழம்பாணி என்றால் போதும். பழைய வண்டி வேறு, பழம்பாணி வண்டி வேறு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தாத்தா காலத்து பைக் பழையது. உள்ளே ஃபியூவல் இன்ஜெக்ஷனும் ஏபிஎஸ்ஸும் வைத்து, வெளியே தாத்தா காலத்து டாங்க் போட்டது பழம்பாணி.

வாங்கும்போது குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்ததும் பலர் பைக் தேடத் தொடங்கினார்கள், என் மச்சான் உட்பட. டிக்கோயா பக்கம் அப்படி ஒரு பழம்பாணி வண்டி இருக்கிறது என்று போனோம். ஓட்டிப் பார்க்க, தோட்டத்தின் மேல் பகுதியான டிவிஷனுக்கு ஏறினான். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் குறுக்கே தண்ணீர் ஓடும் ஒரு கான், அதன்மேல் போட்ட பலகைக்கல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முன்சில்லு ஏறிவிட்டது. அடுத்த நொடி அடியில் டங் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் குழாயின் வளைவு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. மேலே தூக்கிய சைலன்சர் என்று நாங்கள் நினைத்த அந்தக் குழாய், எஞ்சினுக்கு அடியில் போய், பின்பாதியில் மட்டும் மேலே வந்திருந்தது. தொற்றி ஏற முடியாத வண்டிக்குத் தொற்றி ஏறி என்று பெயர்.

அதனால் முதலில் முழங்கால் போட்டு அடியைப் பாருங்கள். அப்புறம் முன்சில்லு. 17 அங்குலம் டவுனுக்குச் சரி. உடைந்த கல் ரோட்டில் 19 அங்குலம் குழியைச் சுலபமாகத் தாண்டும். 21 இன்னும் நன்றாகத் தாண்டும், ஆனால் தார் ரோட் வளைவில் கொஞ்சம் சோம்பல் காட்டும். ரோயல் என்ஃபீல்ட் 2022இல் தன் ஹிமாலயன் பைக்கிலிருந்து ஸ்க்ராம் 411ஐ எடுத்தபோது 21ஐ 19ஆகக் குறைத்தது இந்தச் சமரசத்துக்காகத்தான். காலையில் டவுன், மாலையில் தோட்டம் என்று ஓடுகிற நமக்கு 19 பொருந்தும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பாரம் முக்கியம். மூடுபனியில், ஈரக் களியில் வண்டி சரிந்தால் தனி ஆளாகத் தூக்க வேண்டும். ஜப்பானிலிருந்து பாவித்த வண்டிகளாக வந்த ஹொண்டா எஃப்டிஆர், யமஹா டிடபிள்யூ போன்றவற்றை மலையகத்தில் இன்னும் விரும்புவதற்கு இதுவே காரணம். கார்புரேட்டர் வண்டியானால் இன்னொன்றும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல்மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் ட்யூன் செய்த வண்டி இங்கே பெட்ரோலைக் கூடக் குடித்துக் கறுப்புப் புகை விட்டால் எஞ்சின் போய்விட்டது என்று பயப்படாமல், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மோட்டார் சைக்கிளுக்கு இலங்கைப் பத்திரிகைகளில் உந்துருளி என்ற சொல் நன்றாகவே பழகிவிட்டது. அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம். தொற்றேறி என்று ஒரு சொல் முதலில் மனதில் வந்தது. வினை சரியாக உட்கார்கிறது, ஆனால் கேட்டதும் நோய்த்தொற்றுதான் நினைவுக்கு வரும். மலையுந்து என்றால் மலையில் ஓடும் எந்த வண்டியும் ஆகிவிடும், பஸ் உட்பட.

என் தெரிவு கரடு. கரடுமுரடு என்பதில் உள்ள அதே கரடு. சேலம், நாமக்கல், கோவைப் பக்கங்களில் சிறு கற்குன்றுக்கே கரடு என்று பெயர். நம் முன்னோரில் ஒரு பகுதியினர் அந்தக் கரடுகளைப் பார்த்து வளர்ந்து இந்த மலைக்கு வந்தவர்கள். ஆக இந்தச் சொல்லில் கரடான பாதையும் இருக்கிறது, ஏற வேண்டிய மேடும் இருக்கிறது. முரடு முரட்டு ஆவது போல, வயிறு வயிற்று ஆவது போல, கரடு இன்னொரு சொல்லோடு சேரும்போது ஒற்று இரட்டித்துக் கரட்டு ஆகும். கரட்டூர் என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்தது. எனவே கரட்டுந்துருளி. ரெட்ரோவும் வேண்டுமானால் பழம்பாணிக் கரட்டுந்துருளி. கடையில் ஸ்க்ராம்ப்ளர் என்றே கேளுங்கள், அப்போதுதான் புரியும். எழுதும்போது இதை எழுதிப் பாருங்கள்.

கொட்டகலையில் எங்கள் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் பாஸிடம் இந்தச் சொல்லையும் அதன் பொருளையும் சொன்னேன். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற தன் பழைய ஹொண்டா எம்டி 90 பைக்கைக் காட்டி, "அப்படின்னா இதுவும் கரட்டுந்துருளிதானே தம்பி? பெரட்டுக்களத்துல இருந்து மேல் லயம் வரைக்கும் இதுதான் ஏறுது" என்றார். பெரட்டுக்களம் என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். ஆமாம் என்றேன்.