மஞ்சள் கோடு நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது

வேலை மாற நினைப்பவர்கள், பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போவதால் மனம் சோர்ந்தவர்கள், ஆட்குறைப்பில் வேலை போனவர்கள், இவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக என் தொழில். முதல் சந்திப்பிலேயே "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டுவிடுவேன். அடுத்த முறை வரும்போது அந்தப் புத்தகத்தையே எடுத்துவரச் சொல்வேன். வாய் சொல்லாத பலதையும் அது சொல்லிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி வந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்து, கிடங்கு ஒன்றில் அலுவலக வேலை பார்ப்பவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஒரு புத்தகம் கேட்டேன், ஆறு கொண்டுவந்தார். பழக்கவழக்கம், பணம், தலைமைத்துவம் பற்றிய புத்தகங்கள். வெற்றி பெற்றவர்கள் படித்தவை என்று எங்கோ பார்த்த பட்டியலை வைத்து, மாதம் ஒன்றாகச் சம்பள நாளில் வாங்கியிருக்கிறார். புரட்டிப் பார்த்தேன். தொடக்கப் பக்கங்களில் மஞ்சள் கோடு வரிக்கு வரி ஓடியது. நாற்பது பக்கம் தாண்டியதும் நின்றுவிட்டது. அதன் பிறகு தாள்கள் கடையில் இருந்த மாதிரியே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆறு புத்தகத்திலும் அப்படித்தான்.

"வாங்கும்போது நல்லா உற்சாகமா இருக்கும் அக்கா. படிக்கப் படிக்க, நாம இன்னும் ஒண்ணுமே செய்யலையேன்னு தோணும். அப்புறம் அடுத்ததை வாங்கிடுவேன்" என்றார்.

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. புத்தகத்தை வாங்கியதுமே ஏதோ முயற்சி எடுத்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. செய்ய வேண்டிய சங்கடமான காரியம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அவருக்கு அந்தக் காரியம், மேலாளரிடம் போய் "வேறு பொறுப்பு கொடுங்கள்" என்று கேட்பது. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தார்.

பட்டியல்களால் வரும் தொல்லை இது. இன்னார் இத்தனை புத்தகம் படித்தார் என்று அவை எண்ணிக்கை சொல்கின்றன. அதே புத்தகங்களைப் படித்தும் முன்னேறாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்வதில்லை. உண்மையிலேயே புத்தகத்தால் மாறியவர்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு புத்தகங்கள்தான் இருக்கும்.

1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியிடம், வழியில் படிக்கச் சொல்லி நண்பர் போலாக் ஒரு நூலைக் கொடுத்தார். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் எழுதியது. காந்தியால் அதைக் கீழே வைக்க முடியவில்லை, அன்றிரவு தூங்கவும் முடியவில்லை. அந்த நூல் சொல்கிறபடி வாழ்க்கையை மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தார். அதே ஆண்டில் டர்பனுக்கு அருகே நிலம் வாங்கி, தன் பத்திரிகையின் அச்சகத்தையே அங்கே கொண்டுபோய் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கிவிட்டார். தனக்குப் படிக்க அதிக நேரம் வாய்த்ததில்லை என்றும், குறைவாகப் படித்ததால்தான் படித்ததை நன்றாகச் செரித்துக்கொள்ள முடிந்தது என்றும் அவரே தன் சரிதையில் எழுதியிருக்கிறார். என்னிடம் வரும் இளையர்களிடம் நான் அதிகம் சொல்வது இந்தச் செய்தியைத்தான். அப்துல் கலாமும் 1953இல் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நூலை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கூடவே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

சரி, படித்தது எப்படி நம்மிடம் தங்கும்? கோடு போட்டால் மட்டும் தங்காது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. அதனால்தான் மஞ்சள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு குறிப்பேடு வாங்கச் சொல்கிறேன். ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததைச் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுத வேண்டும். நான்காவது வரியில், இந்த வாரம் எங்கே, யாரிடம், எதைச் செய்யப் போகிறேன் என்று தேதியோடு எழுத வேண்டும். அதைச் செய்யும்வரை அடுத்த அத்தியாயம் கிடையாது.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தராமலே செய்துவந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். துவாஸ் தொழிற்பேட்டையில் கப்பல் பட்டறை மேற்பார்வையாளர், ஐம்பது வயது தாண்டியவர். சட்டைப்பையில் அடங்கும் திருக்குறள் ஒன்று வைத்திருந்தார். அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் கிரீஸ் கறை. 1,330 குறளும் தனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் ஒரு குறள் போதும் என்றார்.

*இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து*
*அதனை அவன்கண் விடல்.*

காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வேலை பிரிக்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மடக்கிக்கொண்டே யோசிப்பாராம்: இதனை, இதனால், இவன். என்ன வேலை, எந்தக் கருவி, எந்த ஆள். மூன்றில் ஒன்று இடித்தாலும் ஆளை மாற்றிவிடுவார். "சாரத்துல ஏறிப் பழக்கமில்லாதவனை ஏத்திவிட்டுட்டு அப்புறம் கத்தி என்ன பிரயோஜனம் தங்கச்சி?" என்று கேட்டார். ஒரு புத்தகம் மனிதனுடைய பழக்கமாக மாறுவதை நான் அவர் விரல்களில் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண், ஒரு புத்தகத்தை நம்பித் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழ முயன்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார். முடியாதபோது தன்னையே திட்டிக்கொண்டார். உங்கள் வேலை நேரம் எழுதியவருக்குத் தெரியாது. உங்கள் ரோஸ்டருக்குப் பொருந்தாத அறிவுரையைத் தாராளமாக விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமலோ, எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்தால் புத்தகத்தில் பதில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரிடம் பேசுங்கள்.

புத்தகத்தை முதலில் நூலகத்தில் இரவல் வாங்குங்கள் என்பதும் நான் எல்லோரிடமும் சொல்வது. காசு மிச்சமாகும், அதைவிட முக்கியம் 21 நாளில் திருப்பித்தர வேண்டும் என்ற கெடு. தமிழ்ப் புத்தகங்களும் அங்கே நிறையவே உண்டு.

ஆறு புத்தகத் தம்பியும் ஒன்றை இரவல் வாங்கினார். மூன்று வாரம் கழித்து வந்தபோது இரண்டு அத்தியாயம்தான் முடித்திருந்தார். குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார். நான்காவது வரியில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதியும் 'மேலாளர், மதிய உணவுக்குப் பிறகு' என்ற குறிப்பும் இருந்தன. பக்கத்தில் வேறு மையில் எழுதியிருந்தார்: 'கேட்டுவிட்டேன். யோசிக்கிறேன் என்றார்.'