காதலுக்கு மோதலை விட்டால் வேறு சொல்லே இல்லையா?

என்னிடம் திருத்தத்துக்கு வரும் பல்லவிகளில் முக்கால்வாசி ஒரே அச்சில்தான் இருக்கின்றன. கடைசியாக வந்தது இது:

நெஞ்சுக்குள் வந்தது காதல்
கண்ணுக்குள் நடக்குது மோதல்
நீயின்றி எனக்கினி சாதல்
ஜன்னலில் அடிக்குது ஊதல்

முதல் மூன்று வரியாவது போகட்டும். ஊதல் காற்று எதற்கு? பாட்டின் சூழலில் மழையும் இல்லை, குளிரும் இல்லை. ‘தல்’ என்று முடிய வேண்டும், அவ்வளவுதான். எழுதியவருக்கு நல்ல கற்பனை உண்டு. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

ரைமிங் என்றால் வரியின் கடைசிச் சொல்தான் என்று யார் சொல்லிக் கொடுத்தது? அதற்குப் பெயர் இயைபு. இருந்தால் நல்லதுதான். ஆனால் தமிழில் அது ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. வந்தேன், நின்றேன், சென்றேன். கேட்டாய், பார்த்தாய், போனாய். வினைமுற்று வரியின் கடைசியில் வந்து உட்காரும் மொழி இது. விகுதியே ஒத்துப்போய்விடும். இதில் பாடலாசிரியர் செய்த வேலை என்ன? தமிழ்க் காது வரியின் தொடக்கத்தைத்தான் முதலில் கவனிக்கிறது. அடிதோறும் முதலெழுத்து ஒத்தால் மோனை, அடுத்த எழுத்து ஒத்தால் எதுகை என்று தொல்காப்பியச் செய்யுளியலே வகுத்துவிட்டது.

எதுகைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலெழுத்தின் அளவும், அதாவது குறிலா நெடிலா என்பதும், ஒத்திருக்க வேண்டும். பட்டுக்குத் தொட்டு, மொட்டு, விட்டு வரும், பாட்டு வராது. பாட்டுக்குக் கேட்டு, வீட்டு, ஓட்டம். நடுவில் ஒரு ‘ர்’ புகுந்தால் பயப்பட வேண்டாம்: பார்த்து, காத்து இரண்டும் ஆசிடை எதுகையாகச் சேரும்.

சரி, காதலுக்கு வருவோம். அந்தச் சொல்லை வரியின் கடைசியிலிருந்து தூக்கி முதலில் வையுங்கள். பாதை, பாதி, வீதி, சேதி, தூது, கீதம், போதும், மீதி, ஏது என்று கூட்டமே வரும்.

காதல் சொல்ல நின்ற நேரம்
பாதி வார்த்தை தொண்டை ஓரம்

எதுகையும் வந்தது, இயைபும் வந்தது, ஆள் தயங்கி நிற்பதும் தெரிகிறது. மோனை வேண்டுமென்றால் கண், கனவு, கை, காற்று எல்லாமே காதலுக்கு உறவுதான்.

அப்புறம் சில விஷயங்கள். ரைமிங் செயலி தரும் பட்டியலை அப்படியே இறக்காதீர்கள். பெரும்பாலும் அது கடைசி எழுத்தைப் பார்த்துத்தான் பொறுக்கும். ‘கால்’, ‘நாள்’, ‘யாழ்’ மூன்றையும் ஒரே ஓசையாக நினைத்து அடுக்காதீர்கள். உச்சரிப்பு சுத்தமான பாடகர் பாடும்போது மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். தத்தகாரத்தில், அதாவது மெட்டை ‘தன தானா’ என்று பாடிக்காட்டும் அசைகளில், ‘தானா’ என்று நீளும் இடத்தில் குறில் சொல்லைத் திணிக்காதீர்கள்; மனம் ‘மானம்’ ஆகிப் பொருளே மாறிவிடும். எழுதியதை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், தாளில் தெரியாதது நாக்கில் தெரியும்.

தயவுசெய்து, சொல்ல வந்ததை முதலில் ஒரு வரி உரைநடையில் எழுதிக்கொள்ளுங்கள். எதுகைக்காக அந்த வரியின் பொருள் கெடுகிறது என்றால் எதுகையை விட்டுவிடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.