ஊசல் அதிருமா? 'அதிர்வெண்' என்ற சொல்லைப் பற்றி

'தனி ஊசலின் நீளம் 1 மீட்டர் எனில் அதன் அதிர்வெண் காண்க.' இந்த மாதிரிக் கணக்கை எத்தனை முறைதான் படிப்பது! அதிர்வெண் என்றால் ஆங்கிலத்தில் frequency, ஒரு நொடியில் எத்தனை முறை என்ற எண்ணிக்கை. விடை ஏறத்தாழ 0.5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அரை முறை. ஒருமுறை போய்வர இரண்டு நொடி எடுத்துக்கொண்டு ஆடுகிற குண்டு எங்கே ஐயா அதிர்கிறது? அது அலைகிறது; அதற்கு 'அலைவெண்' என்பதே பொருந்தும்.

அதிர்தல் என்றால் நடுங்குதல், முழங்குதல். முரசு அதிரும், நிலம் அதிரும். அலைதல் என்பது இங்கும் அங்குமாகப் போய்வருவது. வேர் விளக்கம் இவ்வளவு போதும்.

தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரும்புக் கவையான இசைக்கவைக்கு 'அதிர்வெண்' கச்சிதமான சொல். 256 ஹெர்ட்ஸில் அது அதிர்வது காதுக்கே தெரியும். ஒலிப் பாடத்துக்குப் பொருந்திய சொல்லை ஊசலுக்கும், சுருள்வில்லுக்கும், மாறுமின்னோட்டத்துக்கும் அப்படியே மாட்டிவிட்டார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்தப் பாடத்தில் எது அசைகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கக் கூடாதா?

வேடிக்கை என்னவென்றால், அதே பாடத்தில் ஒருமுறை போய்வர ஆகும் காலத்துக்கு 'அலைவு நேரம்' என்று அழகான பெயர். அதன் தலைகீழ் மட்டும் அதிர்வெண்ணாம்! ஒன்றை அலைவு நேரத்தால் வகுத்தால் கிடைப்பது அலைவெண் என்றால் சூத்திரமே சொல்லில் தெரிகிறது.

'அலைவெண்' என்றால் அலைகளின் எண்ணிக்கையோடு குழம்பும் என்பார்கள். குழம்பாது. அலை + எண் புணர்ந்தால் அலையெண். அலைவு + எண் புணர்ந்தால் அலைவெண். புணர்ச்சி விதியே பிரித்துக் கொடுக்கிறது. புள்ளியியலிலும் ஒரு மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்பதை அலைவெண் என்கிறார்களே என்றால், அங்கேதான் 'நிகழ்வெண்' இருக்கிறது. மாணவர்களின் மதிப்பெண் அலையவா செய்கிறது?

இலங்கைப் பாடநூல்களில் 'மீடிறன்'. மீள் + திறன். மீண்டும் மீண்டும் நிகழ்வது என்ற பொருள் சரிதான், ஆனால் எண்ணிக்கையைத் 'திறன்' என்பது எனக்கு ஒட்டவில்லை. அப்படியும் அதிர்வெண்ணைவிட ஆயிரம் மடங்கு தேவலாம்.

எது ஒரு முழு அலைவு என்பதில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை போனதையே ஒன்று என எண்ணி, விடையை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். நொடி ஊசல் என்ற பெயரே இதற்கு ஒரு பொறி: ஒரு நொடி ஆவது பாதி அலைவுக்கு, முழு அலைவு நேரம் இரண்டு நொடி. 'அதிர்வு' என்ற சொல்லில் போய்த் திரும்புவது என்ற குறிப்பே கிடையாது. அலைவில் அது இருக்கிறது.

அப்புறம் ஆற்றல் கணக்கு. ஊசல் ஒருமுறை போய்வருவதற்குள் நடுநிலையை இரண்டு தடவை கடக்கிறது; அந்த இரண்டு தடவையும் இயக்க ஆற்றல் உச்சம் தொடுகிறது. 'இயக்க ஆற்றலின் அதிர்வெண்' என்று எழுதினால் எது அதிர்கிறதென்று யாரும் சொல்ல முடியாது. ஊசலின் அலைவெண் 0.5 ஹெர்ட்ஸ், இயக்க ஆற்றலின் அலைவெண் 1 ஹெர்ட்ஸ் என்று எழுதிப் பாருங்கள், கேள்வியே எழாது.