விலை படியாமல் போவது ஏன்?

புதிய பொருளின் விலையைத் தயாரிப்பாளரும் கடைக்காரரும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றனர். பழைய பொருளுக்கோ இருவர் பேசி முடிக்கும் வரை விலை என்று ஒன்று இருப்பதில்லை. இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று விற்பவரும், இதற்கு மேலே ஏறுவதில்லை என்று வாங்குபவரும் மனத்துக்குள் ஓர் எல்லை வைத்திருப்பார்கள். முதல் எல்லை இரண்டாவதைவிடத் தாழ்ந்திருந்தால் வியாபாரம் இருவருக்குமே லாபம். ஆனால், அந்த இடைவெளியில் யாருக்கு எவ்வளவு என்ற போட்டியில் இருவரும் தத்தம் எல்லையை மறைத்தே பேசுகின்றனர்.

விற்பவரின் எல்லை பல நேரங்களில் நியாயத்துக்கு மீறி உயர்ந்திருப்பதற்குப் பேராசை மட்டுமே காரணமன்று. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் குவளை ஒன்றைக் கையில் பெற்றவர்கள் அதை விற்க நடுமதிப்பாக (கேட்ட தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 7.12 டாலர் கேட்டனர். வாங்க வந்தவர்கள் 2.87 டாலருக்கு மேல் தரத் தயாராக இல்லை. மூன்றாவது குழுவினரிடம் குவளையைக் கொடுக்காமல், குவளை வேண்டுமா, பணம் வேண்டுமா என்று மட்டும் கேட்டனர். முடிவில் குவளையோ பணமோ கிடைக்கும் என்பதால், கணக்குப்படி இவர்களும் விற்பவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தனர். ஆனாலும் இவர்களுக்குக் குவளையின் மதிப்பு 3.12 டாலராகவே தோன்றியது. உடைமையாகிவிட்ட பொருளைக் கைவிடுவதை மனம் இழப்பாகக் கருதுகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். சில நிமிடங்கள் கையில் இருந்த குவளைக்கே இந்த நிலை என்றால், ஆண்டுக்கணக்கில் ஓட்டிய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சொல்லப்படும் தொகைக்கும் தனி வலிமை உண்டு. அமோஸ் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் விவரித்த சோதனையில், ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காட்டை மதிப்பிடச் சொல்லும் முன் எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுழற்றினர். அதில் 10 வந்தவர்கள் சொன்ன மதிப்பீடுகளின் நடுமதிப்பு 25 விழுக்காடாகவும், 65 வந்தவர்களுடையது 45 விழுக்காடாகவும் இருந்தன. தொடர்பே இல்லாத எண் இவ்வளவு இழுக்கும்போது, விற்பவர் வாய்விட்டுச் சொல்லும் எண் இழுக்காதா? ஆகவே, முதலில் விலை சொல்பவர் தோற்பார் என்ற பரவலான அறிவுரையை முழுவதுமாக ஏற்பதற்கில்லை. சந்தை நிலவரம் தெரிந்தவர் முதலில் சொல்வதே நல்லது. தெரியாதவர்தான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் எண்ணைக் கேட்டதும் தாம் விரும்பும் விலையில் கவனத்தைக் குவிப்பவரிடம் அந்த இழுவிசை தளர்வதை ஆடம் கலின்ஸ்கியும் தாமஸ் முஸ்வைலரும் 2001இல் காட்டினர்.

பொருளின் குறை விற்பவருக்கு மட்டுமே தெரியும் என்பது இன்னொரு சிக்கல். குறை இருக்கக்கூடும் என்று அஞ்சி வாங்குபவர்கள் எல்லாவற்றையும் சராசரி விலைக்கே கேட்டால், நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் விலகிவிட, மோசமானவையே சந்தையில் எஞ்சும் என்று 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார். வாங்குபவர் கேட்ட விலைக்கு உடனே ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர்மீது ஐயம் எழுவதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

இரு தரப்பும் நேர்மையாகப் பேசும்படி ஒரு விதிமுறை வகுத்தால் போதாதா? போதாது என்று 1983இல் ரோஜர் மைர்சனும் மார்க் சாட்டர்த்வெய்ட்டும் கணிதமுறையில் நிறுவினர். எல்லைகள் இரகசியமாக இருந்து, வியாபாரம் நடப்பதே லாபமா என்பதும் உறுதியாகத் தெரியாத நிலையில், எவ்வளவு நுட்பமான விதிமுறையானாலும் இருவருக்கும் லாபம் தரும் சில வியாபாரங்கள் முறிந்தே தீரும். மூன்றாம் நபர் ஒருவர் தம் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டினால் அதைத் தவிர்க்கலாம். பழைய பொருள் சந்தையில் அப்படி ஒருவர் வருவதில்லை.