ஜிபியு: வரைகலைச் செயலியா, செயலகமா, முடுக்கியா?

பேச்சில் ஜிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றாகிவிட்டன, ஆனால் இரண்டும் வேறு. கார்டு என்பது அட்டை. மின்விசிறி, நினைவகச் சில்லுகள், மானிட்டர் வயரைச் செருகும் துளைகள் எல்லாம் அதில் இருக்கும். அந்த அட்டையில் உட்கார்ந்து கணக்குப் போடும் சில்லுக்குத்தான் ஜிபியு என்று பெயர். போனில் தனி அட்டை கிடையாது, ஆனாலும் ஜிபியு உண்டு.

விரித்தால் கிராபிக்ஸ் பிராசஸிங் யூனிட். இதன் வேலை எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920 × 1080 திரையில் 20,73,600 படப்புள்ளிகள் இருக்கின்றன, நொடிக்கு 60 படம் என்றால் ஒரே நொடியில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வேளையாக ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் பக்கத்துப் புள்ளியின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. வாசல் நிறையப் பெரிய கோலம் போடும்போது பத்துப் பேர் ஆளுக்கொரு மூலையில் ஒரே நேரத்தில் வேலை செய்வதைப்போல, சின்னச் சின்னக் கணக்கு அலகுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து இதை முடித்துவிடுகின்றன.

சொல் எங்கிருந்து வந்தது? 1994-இல் வந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷனிலேயே படம் வரையும் சில்லுக்கு ஜிபியு என்றுதான் பெயர். ஆனால் ஊர் முழுக்கப் பரவியது 1999-இல், என்விடியா தன் ஜீபோர்ஸ் 256-ஐ "உலகின் முதல் ஜிபியு" என்று விளம்பரம் செய்தபோதுதான். விளம்பரம் என்றாலும் அதில் விஷயம் இருந்தது. அதற்கு முன் கணினிகளில் பரவலாக இருந்தவை வெறும் ஆக்சிலரேட்டர்கள், அதாவது முடுக்கிகள். 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ முப்பரிமாணப் படத்தை மட்டும்தான் வரையும், சாதாரணத் திரைக்கு இன்னொரு அட்டை பக்கத்தில் வேண்டும். உருவங்களை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் வெளிச்சம் விழுவது என்கிற கணக்கையெல்லாம் கணினியின் முக்கியச் சில்லான சிபியுதான் போட்டுக் கொடுக்கும். அந்தக் கணக்கையும் ஜீபோர்ஸ் 256 தானே எடுத்துக்கொண்டது, அதனால்தான் சிபியுவோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு பெயர். போட்டியாளரான ஏடிஐ 2002-இல் விபியு (விஷுவல் பிராசஸிங் யூனிட்) என்று வேறு பெயர் வைத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை.

இதற்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1968-லேயே மையர், ஐவன் சதர்லாந்து என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் திரைக்கான செயலிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் சொன்னது: படம் வரைய ஒரு சின்னத் துணைக் கருவி வைப்போம், அப்புறம் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறமை கூட்டுவோம், கடைசியில் அதுவே முழுக் கணினி ஆகிவிடும், பிறகு அதற்கே ஒரு துணைக் கருவி தேவைப்படும். இதற்கு அவர்கள் மறுபிறவிச் சக்கரம் என்று பெயர் வைத்தார்கள்.

ஜிபியு அப்படியே இந்தச் சக்கரத்தில்தான் சுற்றியிருக்கிறது. 2001-இல் ஜீபோர்ஸ் 3 வந்தபோது சில்லுக்குள் நாமே சின்ன நிரல்களை எழுதி ஓட்ட முடிந்தது. 2006-இல் ஜீபோர்ஸ் 8800 வந்தபோது அதுவரை வேலைக்கொரு வகையாக இருந்த கணக்கு அலகுகள் எல்லாம் ஒரே வகையாகி, 2007-இல் ஜிபியுவுக்கு நிரல் எழுத உதவும் என்விடியாவின் கூடா வெளியானதும் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத கணக்குகளும் அதில் ஓட ஆரம்பித்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்டெல் லாராபீ என்று ஒன்றை 2008-இல் விளக்கியது: சிபியு வகைக் கருக்களையே (கோர்களையே) நிறையச் சேர்த்து, பட வேலையைப் பெரும்பாலும் மென்பொருளாலேயே செய்துவிடுவோம் என்பது திட்டம். அதிலும்கூட உருவத்தின் மேல் படம் ஒட்டும் வேலைக்குத் தனி வன்பொருளை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அதை மென்பொருளில் செய்தால் பல மடங்கு நேரம் பிடித்தது. 2009 டிசம்பரில் அதைக் கடைக்குக் கொண்டுவருவதில்லை என்று இன்டெல் சொல்லிவிட்டது. பிறகு 2018-இல் என்விடியாவின் டூரிங் வகை ஜிபியு வந்தது, ஒளிக்கதிர்களைப் பின்தொடரும் கணக்குக்கு மட்டும் தனிக் கருக்களோடு. சக்கரம் ஒரு சுற்று முடிந்து மறுபடியும் தனி வன்பொருள்.

இன்றைய நிலைமையில் ஜிபியு என்ற பெயரே சிக்கலாகிவிட்டது. ஏஐ கணக்குகளுக்காக என்விடியா 2022-இல் கொண்டுவந்த எச்100-ஐ எல்லாரும் ஜிபியு என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதில் மானிட்டர் செருகும் துளை இல்லை, படம் வரையத் தெரிந்த பகுதியும் பெயருக்குக் கொஞ்சம்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். கிராபிக் என்பதன் கிரேக்க வேருக்குக் கீறுதல், எழுதுதல், வரைதல் எல்லாமே பொருள். நம் 'வரை'யும் அப்படித்தான், படமும் வரைவோம், தேர்வுத்தாளில் 'கட்டுரை வரைக' என்றும் கேட்பார்கள். ஆகவே வரைகலை என்பது நன்றாகப் பொருந்துகிற சொல், அதை மாற்றத் தேவையில்லை.

சிக்கல் பின்பாதியில்தான். வரைகலைச் செயலி என்று பலர் எழுதுகிறார்கள். செயலி என்றால் இன்று போனில் இறக்கிக்கொள்ளும் ஆப், எனவே வரைகலைச் செயலி என்று படித்தவர் படம் வரைகிற ஆப் என்றே நினைப்பார், அப்படிப்பட்ட ஆப்கள் நிஜமாகவே நிறைய இருப்பதால் குழப்பம் தீராது. நான் வரைகலைச் செயலகம் என்றே எழுதச் சொல்வேன். சிபியுவுக்கு மையச் செயலகம் என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, இரண்டும் ஜோடியாக நிற்கும். செயலகம் என்றால் கோட்டையில் இருக்கும் தலைமைச் செயலகமும்தான், ஆனால் முன்னால் வரைகலை என்று வந்துவிட்டால் யாரும் அரசு அலுவலகம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இணைச் செயலகம் என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை, துணைக்கு இருப்பதா, இணையாக ஓடுவதா என்று தெரியாது.

எச்100 போன்றவற்றுக்கு முடுக்கி என்ற பழைய சொல்லையே கொடுத்துவிடலாம். ஆங்கிலத்திலும் இப்போது இவற்றை ஏஐ ஆக்சிலரேட்டர் என்கிறார்கள், தமிழில் ஏஐ முடுக்கி. படம் வரைந்தால் வரைகலைச் செயலகம், கணக்கு மட்டும் போட்டால் முடுக்கி. மையச் செயலகத்தோடு ஒரே சில்லில் இருந்தால் உள்ளமைந்த வரைகலைச் செயலகம், தனிச் சில்லாக இருந்தால் தனி வரைகலைச் செயலகம். அட்டையை வரைகலை அட்டை என்றே சொல்லலாம்.